சொத்தைப் பல்லும் தொலைதூரக் கிராமமும்

2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலாஸ்காவைச் சேர்ந்த ஆறு பேர் விமானம் ஏறினர். அவர்கள் சென்று இறங்கிய இடம் நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள டனீடின் நகரம். வடதுருவத்தை ஒட்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு, பூமியின் நடுக்கோட்டைக் கடந்து, தென்துருவத்தை நோக்கியிருக்கும் ஒரு துறைமுக நகருக்கு அவர்கள் போனது உல்லாசப் பயணத்திற்காக அன்று. சொத்தைப் பல்லைக் குடைந்து அடைப்பது எப்படி, காப்பாற்ற இயலாத பல்லைப் பக்குவமாகப் பிடுங்குவது எப்படி என்று கற்றுக்கொள்ளவே போனார்கள்.

அப்போது அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. உலகிலேயே மிகச் சிறந்த கருவிகளும் பேராசிரியர்களும் அங்கேதான் இருந்தனர். ஆயினும் இந்த ஆறு பேருக்கும் வேண்டிய பயிற்சி அந்நாட்டில் எங்கும் கிடைக்கவில்லை. கற்பிக்கத் தெரியாததால் அன்று. கற்பிக்கக் கூடாது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. அந்த முடிவின் கதையையும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் சற்றே விரிவாகப் பார்ப்பது நலம்.

பல் போனால் சொல் போகும் என்று நம் முன்னோர் சொன்னது பேச்சைப் பற்றி மட்டும் என்று நாம் கருதிவிடுகிறோம். உண்ணும் உணவு, உறங்கும் உறக்கம், பள்ளியில் பாடத்தைக் கவனிக்கும் ஆற்றல், நாலு பேர் முன்னே சிரிக்கும் துணிவு ஆகிய அனைத்தும் பல்லோடு போகின்றன. இருந்தும், மருத்துவ வரலாறு எழுதுவோர் அம்மைக்கும் காசநோய்க்கும் காலராவுக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டுப் பல்லை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுவார்கள். பல்வலியால் யாரும் செத்துப் போவதில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கி உயிரைக் குடித்ததும் உண்டு என்பதை மருத்துவர்கள் அறிவார்கள்.

முதலில் நியூசிலாந்துக்குப் போவோம். முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது அந்நாட்டு அரசு திடுக்கிட்டது. பால், இறைச்சி, கம்பளி என்று செழித்திருந்த நாடு அது. ஆனால் படையில் சேர வந்த இளைஞர்களில் பெரும்பாலோருடைய வாய் சொத்தைப் பற்களால் நிறைந்திருந்தது. பல்லின் காரணமாகவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். அதனால் 1915இல் பல் மருத்துவப் படைப்பிரிவு ஒன்று தனியாகவே உருவாக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் தாமஸ் ஹன்டர் என்னும் பல் மருத்துவர். போர் முடிந்து வீடு திரும்பியவர் ஓய்ந்திருக்கவில்லை. இருபது வயது இளைஞனின் வாயில் தாம் கண்ட கேடு அவனுடைய ஏழு வயதிலேயே தொடங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பள்ளிக் குழந்தைகளிடம் போக வேண்டும். அதற்குப் போதிய பல் மருத்துவர்கள் நாட்டில் இல்லை. இருந்தவர்களும் நகரங்களை விட்டு நகர்வதாக இல்லை.

ஹன்டர் கண்ட வழி அக்காலத்துக்கு மிகவும் புதியது. இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டே ஆண்டுகள் பயிற்சி கொடுப்பது. குழந்தைகளின் பல்லைச் சோதிக்கவும், குடைந்து அடைக்கவும், பாற்பற்களைப் பிடுங்கவும் அவர்களுக்கு உரிமை அளிப்பது. அதற்கு மேற்பட்ட சிக்கல் எதுவாயினும் பல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவது. 1921இல் வெலிங்டன் நகரில் பயிற்சி தொடங்கியது. 1923இல் முதல் அணியினர் படிப்பை முடித்து வெளியே வந்தனர். பல் மருத்துவச் செவிலியர் என்று அவர்கள் அழைக்கப்பட்டனர்.

பெண்களை மட்டும் ஏன் தேர்ந்தார்? குழந்தைகளிடம் அவர்கள் பொறுமையாக நடந்துகொள்வார்கள் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். குறைந்த ஊதியம் கொடுத்தால் போதும் என்பதும், திருமணமானவுடன் விலகிவிடுவார்களாதலால் பல் மருத்துவர்களுக்குப் போட்டியாக வளர மாட்டார்கள் என்பதும் கணக்கில் இல்லாமற் போகவில்லை. நல்ல காரியங்களின் அடித்தளத்தில்கூட இப்படிச் சில கற்கள் கிடக்கத்தான் செய்கின்றன. அரை நூற்றாண்டு கழித்து, 1974இல், அதே செவிலியர் ஊதிய உயர்வு கேட்டு நாடாளுமன்றத்தை நோக்கி அணிவகுத்துச் சென்றபோது அந்தக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

பள்ளி வளாகத்திலேயே ஒரு சிறு கட்டடம். அதில் ஒரு நாற்காலி. தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் குடைகருவி. வெள்ளைச் சீருடையும் அதன்மேல் சிவப்புக் கம்பளிச் சட்டையும் அணிந்த ஒரு செவிலியர். ஏறத்தாழ ஐந்நூறு குழந்தைகள் அவருடைய பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையும் அந்த நாற்காலியில் ஏற வேண்டும். அழாமல் உட்கார்ந்த பிள்ளைக்குப் பஞ்சுச் சுருளால் தேனீ செய்து கொடுத்து அனுப்புவார்கள். ஆனாலும் குழந்தைகள் அந்தக் கட்டடத்துக்கு வைத்திருந்த பெயர் ‘கொலைக்களம்’! மிதித்து ஓட்டும் கருவி மெதுவாகவே சுழலும். மரத்துப்போகும் ஊசி போடுவது அரிதாக இருந்தது. குழந்தைகள் வைத்த பெயரில் பொய் இல்லை.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை பற்கள் அடைக்கப்பட்டன என்ற எண்ணிக்கையே நெடுங்காலம் சேவையின் அளவுகோலாக இருந்தது. எனவே சொத்தை வரலாம் என்று தோன்றிய குழிகளைக்கூடக் குடைந்து அடைத்துவிட்டார்கள். 1970களில்தான் அந்த வழக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். அன்றியும் சேவை குழந்தைகளுக்கு மட்டுமே உரியதாகையால், பள்ளியை விட்டு வெளியேறியவர்களைக் கவனிப்பார் இல்லை. இளம் வயதிலேயே எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டுப் பொய்ப்பல் கட்டிக்கொள்வது அந்நாட்டில் பல்லாண்டுகள் சாதாரண நடைமுறையாகவே இருந்தது. இவ்வளவு குறைகளுக்கும் நடுவே ஓர் உண்மை நிலைத்து நின்றது. எந்த மூலையிலிருக்கும் பள்ளியாயினும், அங்குள்ள குழந்தையின் பல்லைப் பார்க்க ஆள் ஒருவர் இருந்தார்.

இந்த முறை கடல் கடந்தது. 1949இல் மலாயாவின் பினாங்கில் இதே வகைப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சுற்றியிருந்த நாடுகளிலிருந்தும் அங்கே மாணவியர் வந்தனர். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அளித்த உதவியால் இலங்கையின் மகரகமவிலும் ஒரு பள்ளி எழுந்தது. இலங்கைப் பாடசாலைகளில் ‘பல் சிகிச்சையாளர்’ என்று அறியப்படுபவர்களின் மரபு அங்கிருந்து தொடங்குகிறது. 1960களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவும் தென் ஆஸ்திரேலியாவும் இம்முறையைத் தழுவின. கனடாவில் 1972இல், வடமேற்குப் பிரதேசத்தின் ஃபோர்ட் ஸ்மித் என்னும் சிற்றூரில், பழங்குடி மக்களுக்காகவே ஒரு பள்ளி திறக்கப்பட்டது.

அமெரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. பாஸ்டன் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக இயங்கிய ஃபார்சைத் பல் மருத்துவமனை, நியூசிலாந்து முறையைச் சோதித்துப் பார்க்க விரும்பியது. கூட்டாட்சி அரசின் குழந்தைகள் நலத்துறை பணம் தர முன்வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1949இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. செய்தி பரவியதும் பல் மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. மறு ஆண்டே, 1950இல், அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. செய்து பார்த்துத் தோற்ற திட்டம் அன்று அது. செய்து பார்க்கவே விடப்படாத திட்டம்.

அதே வேளையில் இரண்டு அமெரிக்கர்கள் நியூசிலாந்துச் செவிலியரின் வேலையை ஆராய்ந்து எழுதினார்கள் என்பது சுவையான செய்தி. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்துக்காக எழுதப்பட்டு 1950இல் வெளிவந்த அறிக்கை அச்சேவைக்கு ஆதரவானதாக இல்லை. 1951இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஜான் ஃபுல்டனின் நூலோ அதைப் பாராட்டியது. ஒரே நாடு, ஒரே செவிலியர், ஏறத்தாழ ஒரே காலம்; முடிவுகள் மட்டும் இரண்டு. ஆய்வு என்பது கண்ணால் காண்பது மட்டும் அன்று, எந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து காண்கிறோம் என்பதையும் பொறுத்தது போலும்!

ஃபார்சைத் மருத்துவமனை மீண்டும் ஒருமுறை முயன்றது. 1972 முதல் ரால்ஃப் லோபீன் என்பவர், பல் துப்புரவுப் பணியாளர்களான பெண்களுக்குக் குடையவும் அடைக்கவும் கற்றுக்கொடுத்து, அவர்கள் வேலையின் தரத்தை அளந்து வந்தார். வேலை நன்றாகவே இருந்தது. ஆனால் பல் மருத்துவர் அல்லாதவர் பல்லைக் குடைவது மாநிலச் சட்டத்துக்கு மாறானது என்று முடிவாகி, 1974இல் அந்தச் சோதனையும் நின்றது. பல் மருத்துவத் தொழிலே 1840இல் பால்டிமோரில் தனிக் கல்லூரி கண்டு, மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியேதான் வளர்ந்தது. ஒரு காலத்தில் வாசலில் நின்றவர்களே பின்னாளில் வாசலைக் காப்பவர்கள் ஆனார்கள்.

இனி அலாஸ்கா. பரப்பில் அமெரிக்காவின் மிகப் பெரிய மாநிலம் அது. மக்கள்தொகையோ மிகக் குறைவு. இருநூறுக்கும் மேற்பட்ட பழங்குடிக் கிராமங்கள் ஆற்றங்கரைகளிலும் கடற்கரைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குச் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மீது ஓடும் பனி மோட்டார், வானிலை இடங்கொடுத்தால் சிறு விமானம். யூக்கான், கஸ்கோக்விம் என்னும் இரு பேராறுகள் கடலில் கலக்கும் கழிமுகப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏறத்தாழ ஐம்பது கிராமங்கள். அவற்றுக்கெல்லாம் தலைமை ஊர் பெத்தல். அந்தப் பெத்தலே ஆங்கரேஜ் நகரிலிருந்து 640 கிலோமீட்டர் தொலைவில், சாலை வழியாக எட்ட முடியாததாக இருக்கிறது.

அங்கு வாழும் யூப்பிக் மக்கள் சால்மன் மீனும் கடல்நாய் இறைச்சியும் காட்டுப் பழங்களும் உண்டு வாழ்ந்த காலத்தில் அவர்களிடையே பற்சொத்தை அரிதாக இருந்தது. வணிகர்களின் கப்பலில் மாவும் சர்க்கரையும் வந்தன. பின்னர் விமானத்தில் இனிப்புப் பானங்கள் வந்தன. குழாய்த் தண்ணீர் இல்லாத கிராமங்களில் அந்தப் பானம் தண்ணீருக்கு நிகராகிவிட்டது. சில தலைமுறைகளுக்குள் நிலைமை தலைகீழானது. 1999இல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி, அலாஸ்கா பழங்குடிக் குழந்தைகளிடையே பற்சொத்தை அமெரிக்கக் குழந்தைகளின் பொது அளவைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. முன்பற்கள் நான்கையும் இழந்த மூன்று வயதுப் பிள்ளைகள் அங்கே அபூர்வக் காட்சி அல்லர்.

பல் மருத்துவர் வருவார், வராமல் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, பெட்டிகளைச் சுமந்துகொண்டு, சில நாள்கள் தங்க வருவார். பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில் நாற்காலியை விரிப்பார். வரிசையில் நிற்பவர்களில் வலி மிகுந்தவருடைய பல்லைப் பிடுங்குவார். அடைத்துக் காப்பாற்றக்கூடிய பல்லுக்கு நேரம் இருக்காது. அடுத்த முறை வருபவர் வேறொருவராக இருப்பார். தம் வாயை இருமுறை பார்த்த பல் மருத்துவரை அறியாமலே முதுமை எய்தியவர்கள் அங்கே உண்டு.

ஆனால் அந்தக் கிராமங்களுக்கு வேறொரு அனுபவம் இருந்தது. 1950களில் காசநோய் அவர்களை வாட்டியபோது, மாத்திரைகளைத் தவறாமல் கொடுக்க ஊரிலேயே ஒருவரைப் பழக்கினார்கள். அதிலிருந்து கிராமச் சுகாதார உதவியாளர் என்னும் அமைப்பு வளர்ந்து, 1968இல் கூட்டாட்சி அரசின் நிதி உதவியைப் பெற்றது. அந்த உதவியாளர் நோயாளியின் நிலையை வானொலிக் கருவி வழியாகத் தலைமை ஊர் மருத்துவருக்குச் சொல்வார். மருத்துவர் அங்கிருந்தே செய்ய வேண்டியதைச் சொல்வார். மருத்துவர் பேசும் வேளையில் ஊரே தத்தம் வானொலியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பார்கள். இரகசியம் என்பது கிடையாது! 1971இல் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் சோதனை நடந்தது. பின்னர்த் தொலைபேசியும் படங்களை அனுப்பும் கணினிப் பெட்டிகளும் வந்தன. ஆள் ஊரில், அறிவுரை தொலைவில் என்ற இந்த முறையைப் பல்லுக்கும் பயன்படுத்தினால் என்ன என்று பழங்குடியினரின் நலவாழ்வு அமைப்புகள் எண்ணின. அந்த எண்ணத்தின் விளைவே நாம் தொடக்கத்தில் கண்ட டனீடின் பயணம். அங்குள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகம்தான் அப்போது ஹன்டரின் செவிலியர் மரபில் வந்த பல் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தது.

இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்துத் திரும்பியவர்கள் உடனே தனியாக விடப்படவில்லை. பல் மருத்துவர் ஒருவரின் நேரடிப் பார்வையில் குறைந்தது 400 மணி நேரம் வேலை செய்து காட்ட வேண்டும். அவருக்கு மனநிறைவு ஏற்பட்ட பின்பே, எந்தெந்தச் சிகிச்சையைத் தனித்துச் செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பார். அதன்பின் சிகிச்சையாளர் கிராமத்தில் இருப்பார். மேற்பார்வையாளர் தலைமை ஊரில் இருப்பார். ஐயம் எழுந்தால் எக்ஸ்ரே படத்தையும் வாயின் ஒளிப்படத்தையும் அனுப்பிக் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். படித்துப் பட்டம் பெற்றபின் வாழ்நாள் முழுவதும் எவரும் எட்டிப் பார்க்காத தொழில்கள் பல உள்ள உலகில், இது கடுமையான ஏற்பாடுதான்.

2005இல் அவர்கள் வேலையைத் தொடங்கினர். 2006 ஜனவரியில் வழக்குத் தொடரப்பட்டது. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமும், அலாஸ்கா மாநிலச் சங்கமும், பல் மருத்துவர் சிலரும் வழக்காளிகள். எதிராளிகள், பழங்குடியினர் நலவாழ்வுக் கூட்டமைப்பும் கிராமங்களுக்குத் திரும்பிய அந்த இளம் சிகிச்சையாளர்களும்! உரிமம் இன்றிப் பல் மருத்துவம் செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பழங்குடி மக்களுக்கு இரண்டாந்தரச் சிகிச்சை கொடுக்கப்படுகிறது என்று நாளிதழ்களில் விளம்பரங்களும் வெளிவந்தன.

இந்த வாதத்தை எள்ளி ஒதுக்கிவிட முடியாது. பல் மருத்துவர்கள் கூறிய அச்சத்தில் உண்மை இருந்தது. பிடுங்கும்போது வேர் முறிந்து தாடைக்குள் நின்றுவிடலாம். இரத்தப்போக்கு நிற்காமற் போகலாம். புயலால் விமானம் பறக்க முடியாத ஒரு நாளில், அறுவை மருத்துவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கையில், இரண்டு ஆண்டு படித்தவர் என்ன செய்வார்? மேலும், ஏழைக்கு ஒரு தரம் பணக்காரனுக்கு ஒரு தரம் என்பதை நியாய உணர்வுள்ள எவரும் ஏற்கமாட்டார். ஆனால் முதல்தரம் எங்கே இருந்தது என்று கேட்கவேண்டும் அல்லவா? கிராமத்தின் முன்னே இருந்த தேர்வு, பல் மருத்துவரா சிகிச்சையாளரா என்பதன்று. சிகிச்சையாளரா ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிடுங்கு குறடா என்பது. தாம் ஏற்காத இடத்தைப் பிறரும் ஏற்கலாகாது என்று சொல்லும்போது, தரம் என்ற நல்ல சொல் வேறு வேலைக்குப் பயன்பட்டுவிடுகிறது. சங்கத்தைச் சேர்ந்த எல்லாரும் இப்படி எண்ணினர் என்று சொல்வதும் தவறு. அந்தச் சிகிச்சையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்து, ஒப்பமிட்டுப் பொறுப்பேற்று, மேற்பார்வை பார்த்தவர்களும் பல் மருத்துவர்களே.

2007 ஜூனில் தீர்ப்பு வந்தது. பழங்குடியினர் நலவாழ்வு குறித்த கூட்டாட்சிச் சட்டம் மாநிலச் சட்டத்தை மேற்கொள்ளும். எனவே சிகிச்சையாளர்கள் தம் பணியைத் தொடரலாம் என்று நீதிபதி மார்க் ரிண்ட்னர் முடிவு கூறினார். சங்கங்கள் மேல்முறையீடு செய்யவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், பழங்குடியினர் கூட்டமைப்பின் அறக்கட்டளைக்கு 5,37,500 டாலர் வழங்கி வழக்கை முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு அலாஸ்காவிலேயே பயிற்சி தொடங்கியது. முதலாண்டு ஆங்கரேஜில், இரண்டாம் ஆண்டு பெத்தலில். நியூசிலாந்துக்குப் பறக்க வேண்டிய தேவை அத்துடன் ஒழிந்தது.

ஆய்வுகள் பின்தொடர்ந்தன. கென்னத் போலின் என்பவர் சிகிச்சையாளர்களும் பல் மருத்துவர்களும் செய்த வேலையின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சிகிச்சையிலும் பின்விளைவுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. 2008இல் அக்கட்டுரை வெளிவந்தது எங்கே தெரியுமா? வழக்குத் தொடுத்த அதே அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் இதழிலேதான்! இதை அந்த இதழின் நேர்மைக்குச் சான்றாகவே கொள்ள வேண்டும். 2010இல் வெளிவந்த இன்னொரு மதிப்பீட்டில், ஐந்து இடங்களில் சிகிச்சையாளர்கள் வேலை செய்வதை நேரில் பார்த்தவர்கள், தமக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள் அவர்கள் திறமையாகவே செயல்படுகிறார்கள் என்று எழுதினார்கள். 2009இல் மினசோட்டாவும், பின்னர் மெய்ன், வெர்மான்ட் போன்ற மாநிலங்களும் தத்தமக்கு ஏற்றவாறு சட்டம் இயற்றின. கனடாவிலோ காற்று எதிர்ப்புறம் வீசியது. ஃபோர்ட் ஸ்மித்தில் தொடங்கிப் பின்னர் வேறூருக்கு மாறிய பயிற்சிப் பள்ளி, அரசு நிதியை நிறுத்தியதால் 2011இல் மூடப்பட்டது.

கட்டடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார் என்பதால் மட்டும் சொத்தை நின்றுவிடாது என்பதை நியூசிலாந்து நெடுங்காலத்துக்குப் பின்னரே உணர்ந்தது. அலாஸ்காவின் சிகிச்சையாளர்களுக்கு முதலிலேயே இது கற்பிக்கப்படுகிறது. கைக்குழந்தையின் பல்லில் ஃபுளூரைடு பூசுவதும், பள்ளிக்குப் போய்ப் பல் துலக்கச் சொல்லிக்கொடுப்பதும், பால்புட்டியில் இனிப்புப் பானத்தை ஊற்றிக் கொடுக்கும் தாயிடம் மெதுவாகப் பேசுவதும் அவர்கள் வேலையின் பெரும் பகுதி. அந்தப் பேச்சை வெளியூரார் பேசினால் அறிவுரை. சொந்த ஊர்ப் பெண் பேசினால் அக்கறை.

2018இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லி முடிக்கிறேன். பல் மருத்துவ ஆய்வாளர் டொனால்ட் சீயும் அவருடன் பணியாற்றியவர்களும் யூக்கான் கஸ்கோக்விம் கழிமுகக் கிராமங்களில் 2006 முதல் 2015 வரை சேர்ந்த பத்தாண்டுப் பதிவுகளை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொரு கிராமத்திலும் சிகிச்சையாளர் எத்தனை நாள்கள் இருந்தார் என்று எண்ணினர். அந்த நாள்கள் மிகுந்திருந்த கிராமங்களில், சொத்தை வருமுன்னே காக்கும் சிகிச்சையைப் பெற்ற குழந்தைகளும் பெரியவர்களும் மிகுதியாக இருந்தனர். பல் பிடுங்கிக்கொண்ட பெரியவர்கள் குறைவு. மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளில், மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் பறிகொடுத்தவர்களும் அங்கே குறைவாகவே இருந்தனர்.